மணலில் வரைந்த வண்டி

எங்களுடைய ஊர்களில் அதற்கு 'ஜீப்' என்றுதான் பெயர். கச்சேரி வாசலில் நின்றதும் ஜீப், தோட்டத்துத் துரை ஓட்டி வந்ததும் ஜீப், நள்ளிரவில் படலைக்கு முன்னால் வந்து நின்று வீட்டாரின் வயிற்றைக் கலக்கியதும் ஜீப். அவற்றில் பல ஜீப்புகள் அல்ல, லாண்ட் றோவர்கள் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பிறகே நான் அறிந்துகொண்டேன். ஒரு செய்தியில் 'பொலிஸ் ஜீப்' என்று நான் எழுதிக் கொடுத்ததை மூத்த உதவியாசிரியர் ஒருவர் வெட்டி, 'பொலிஸ் லாண்ட் றோவர்' என்று திருத்தினார். மறுநாள் வாசகர் எவருக்கும் அது விளங்கவில்லை. அடுத்த வாரம் முதல் அவரும் 'ஜீப்' என்றே எழுத ஆரம்பித்தார்.

அந்த வாசகர்கள் சொன்னதும் முற்றிலும் பிழையல்ல. லாண்ட் றோவர் பிறந்தது ஜீப்பின் வயிற்றில்தான். பிரிட்டனின் றோவர் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸைச் சேர்ந்த அங்கில்சி தீவில் ஒரு பண்ணை இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அமெரிக்க இராணுவம் கைவிட்டுச் சென்ற பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றை அவர் அங்கே உழவுக்கும் மரம் இழுக்கவும் வைத்திருந்தார். அது தேய்ந்துகொண்டே போயிற்று. உதிரிப்பாகங்கள் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றை வாங்கலாம் என்றால், அப்படி ஒரு வாகனத்தை அன்றைய பிரிட்டனில் எவருமே தயாரிக்கவில்லை. 1947 ஆம் ஆண்டில் ரெட் வார்ஃப் குடாவின் கடற்கரையில், நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளராக இருந்த தமது சகோதரர் ஸ்பென்சருக்கு, தாம் எண்ணியிருந்த வாகனத்தின் உருவத்தை மணலில் கீறிக் காட்டினார் என்பது அந்நிறுவனம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதை. முதலாவது மாதிரி வண்டியை ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டினார்கள். சாரதியின் இருக்கையை அதில் நட்டநடுவில் வைத்திருந்தார்கள்.

யுத்தத்தில் வென்றிருந்தாலும் பிரிட்டன் அப்போது கடனாளி நாடு. உருக்குக்குப் பங்கீடு. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே மூலப்பொருள் கிடைக்கும். சொகுசுக் கார்கள் செய்து பழகிய றோவர் நிறுவனம், விமான இயந்திரப் பாகங்களுக்காக யுத்தகாலத்தில் கட்டப்பட்ட சொலிஹல் தொழிற்சாலையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. ஆகவே அந்தத் தட்டுப்பாடே வண்டிக்கு உருவம் கொடுத்தது. உருக்கு இல்லாதபடியால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வளைத்து அழுத்தும் விலையுயர்ந்த அச்சுகளுக்குப் பணம் இல்லாதபடியால் தகடுகளைத் தட்டையாகவே விட்டார்கள். பச்சை வர்ணம்கூட இராணுவ விமானங்களுக்காக வாங்கி எஞ்சிய வர்ணம். பிற்காலத்தில் அழகு என்று போற்றப்பட்டவை யாவும் அன்று வறுமையின் ஏற்பாடுகள். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பின்னர் கிடைத்த இலாபம். அடியில் இருந்த உருக்குச் சட்டம் தாராளமாகத் துருப்பிடித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார் கண்காட்சியில் அதனைக் காட்சிக்கு வைத்தார்கள். 1.6 லீற்றர் பெற்றோல் இயந்திரம், ஏறத்தாழ 50 குதிரை வலு, விலை 450 பவுண். சில வருடங்களுக்குத் தாக்குப்பிடித்தால் போதும், பிறகு கார் வியாபாரம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதே நிறுவனத்தின் கணக்கு. கணக்குப் பிழைத்தது. ஓரிரு வருடங்களிலேயே அந்த இடைக்கால வண்டி நிறுவனத்தின் கார்களை விற்பனையில் முந்திவிட்டது. அதன் இயந்திரத்திலிருந்து தனியாக வலுவை எடுத்து மரம் அரியலாம், கதிர் அடிக்கலாம், தண்ணீர் இறைக்கலாம். வாகனம் என்பதைவிட, சக்கரம் பூட்டிய பண்ணைக் கருவி என்பதே பொருத்தம்.

அந்தக் கருவியின் பெருமையை நான் கண்டது 1978 நவம்பரில். மட்டக்களப்பைச் சூறாவளி அழித்துச் சென்ற சில நாட்களுக்குப் பின்னர் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு திணைக்களத்தின் பழைய லாண்ட் றோவரில் இடம் கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் எடுத்தது. தென்னைகள் தலைமுடியை விரித்துக்கொண்டு வீதியின் குறுக்கே கிடந்தன. வடக்கயிற்றைப் பின்புறக் கொளுக்கியில் மாட்டி ஒவ்வொன்றாக இழுத்து ஒதுக்கிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. வழியில் அக்சிலேற்றரின் சுருள்வில் அறுந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்தச் சாரதி, விழுந்து கிடந்த ஒரு சைக்கிளின் ரியூப்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை அறுத்து அந்த இடத்தில் கட்டினார். கால்மணி நேரத்தில் வண்டி மீண்டும் புறப்பட்டது. கீழே எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்ததைச் சுட்டிக்காட்டினேன். "இதுக்கு எண்ணெய் போகும் தம்பி, உயிர் போகாது" என்றார். அன்று நாங்கள் கொண்டுபோன மாவும் பால்மாவும் அந்தப் பகுதிக்கு முதலில் போய்ச் சேர்ந்த நிவாரணங்களில் அடங்கும். ரியூப் துண்டு கட்டக்கூடிய இயந்திரமாக அது இல்லாதிருந்தால் அன்றைய இரவு அவை போய்ச் சேர்ந்திருக்கமாட்டா.

என்னுடைய வாதம் முழுவதும் அந்த ரியூப் துண்டில்தான் இருக்கிறது. 1990 இற்குப் பிறகு வடக்கிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த வருடங்களில், யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். சில சொட்டுப் பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை எழுப்பிவிட்டு, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊரே புகைந்தது, ஆனால் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவை லாண்ட் றோவர்கள் அல்ல. ஆனால் அதே தேசத்தின், அதே காலத்தின் பொறியியல். மூடியைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்த இயந்திரங்கள். அவற்றைச் செய்தவர்கள் எங்களை மனதில் வைத்துச் செய்யவில்லை. ஆயினும் செய்தவரின் அனுமதி இல்லாமலே எங்களால் அவற்றை உயிருடன் வைத்திருக்க முடிந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு மற்றப் பக்கத்தை மறைத்தால் அது பத்திரிகைத் தொழில் ஆகாது. காட்டுவழி செல்லும் வீரர்களின் வாகனமென்று லாண்ட் றோவரை விளம்பரங்கள் கொண்டாடுகின்றன. உலக மக்களில் பெரும் பகுதியினர் முதன்முதலில் கண்ட மோட்டார் வாகனம் அதுவே என்றொரு கூற்றும் நெடுங்காலமாக உலவுகிறது. யார் எண்ணிப் பார்த்தார்களோ தெரியாது. உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், அந்த முதல் வாகனத்தில் வந்து இறங்கியவர் யார் என்பதல்லவா கேள்வி? மலாயாவிலும் கென்யாவிலும் அது பிரிட்டிஷ் படையினரைச் சுமந்தது. வட அயர்லாந்தில் கவசமிட்ட சாம்பல் நிற லாண்ட் றோவர் பல தசாப்தங்களாகத் தெருமுனைகளில் நின்றது. தென்னாபிரிக்காவின் கறுப்பினக் குடியிருப்புகளுக்குள் பொலிஸார் அதில்தான் நுழைந்தார்கள். எங்களுடைய பெற்றோர் ஜீப்பின் சத்தத்தைத் தூரத்திலேயே பிரித்தறியப் பழகியிருந்தமைக்கும் காரணம் வாகனப் பிரியம் அல்ல. வட அயர்லாந்துக்காகக் கட்டிய 'ஸ்னாட்ச்' ரக வண்டிகளையே ஈராக்கிற்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பி, வீதியோரக் குண்டுகளுக்குத் தமது சிப்பாய்களையே பலிகொடுத்தமைக்காக லண்டன் அரசாங்கம் பின்னர் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

வியாபாரத்திலும் அது தோற்றது. அவுஸ்திரேலியாவின் பனிமலை நீர்மின் திட்டத்தில் லாண்ட் றோவர்கள் ஓடிய பாதைகளுக்கு 1950களின் இறுதியில் டொயோட்டா லாண்ட் குறூசர் வந்தது. அதன் பிறகு ஆபிரிக்காவும் மத்திய கிழக்கும் படிப்படியாக ஜப்பானியரின் கைக்குப் போயின. ஜப்பானியரின் வண்டி எண்ணெய் சொட்டவில்லை, அச்சாணி முறியவில்லை. இன்று உலகெங்கும் நிவாரண அமைப்புகளின் வெள்ளை வாகனம் என்றாலே லாண்ட் குறூசர்தான் நினைவுக்கு வரும். 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று வாசலில் நின்று மன்றாடிய மக்களுக்கு முன்னால் அணிவகுத்து நின்றவையும் வெள்ளை வாகனங்களே. எந்த நிலத்திலும் நகரக்கூடிய வாகனத்துக்கு எந்தத் திசையிலும் நகர முடியும்.

றோவர் நிறுவனம் 1970 இல் ரேஞ்ச் றோவரை வெளியிட்டது. ஆரம்பத்தில் அதன் உட்புறத்தையும் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடியதாகவே செய்திருந்தார்கள். சேற்றுச் சப்பாத்துடன் ஏறுகிறவர்களுக்கான வண்டி அது. பின்னர் தோல் இருக்கை வந்தது, மரப்பலகை அலங்காரம் வந்தது, சேறு போய்விட்டது. எங்கள் நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர்களின் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரங்களைப் பற்றி நான் எழுதிய பத்திகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் வரும். கிராமத்து வீதி மோசம், ஆகவே பெரிய ஜீப் தேவை என்பார்கள். வீதியைத் திருத்தும் பொறுப்பும் அவர்களுடையதே என்பதை எவரும் ஞாபகப்படுத்துவதில்லை. 2025 ஆம் ஆண்டில் ஜனாதிபதி செயலகம் தன்னிடமிருந்த சொகுசு வாகனங்களை விலைமனு கோரி விற்றபோது, அவற்றுள் எத்தனை ஒரு நாளாவது சேற்றைக் கண்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

பழைய வடிவத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 ஆம் திகதி சொலிஹலில் இருந்து வெளியேறியது. அதற்குள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைச் செய்துவிட்டிருந்தார்கள். புகைக் கட்டுப்பாடும் பாதுகாப்புச் சட்டங்களும் அதனை முடித்துவைத்தன. அதில் அநியாயம் எதுவும் இல்லை. மோதினால் காற்றுப்பை இல்லை, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். 2019 இல் அறிமுகமான புதிய டிஃபெண்டர் எல்லா வகையிலும் மேலான வாகனம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சேற்றில்கூட அது பழையதை வெல்லும். ஆனால் அது கோளாறானால் கணினி வேண்டும், கணினிக்கு நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். சைக்கிள் ரியூப் கட்ட அதில் இடமில்லை.

உரிமை மாறிய கதையும் சுவையானது. லேலண்ட், பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ., அமெரிக்காவின் ஃபோர்ட் என்று கைமாறி, 2008 இல் இந்தியாவின் டாட்டாவிடம் வந்து சேர்ந்தது. ஏகாதிபத்தியத்தின் வாகனத்தை மும்பாய் வாங்கிக்கொண்டது என்று அப்போது பலர் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. புதிய டிஃபெண்டர் ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகிறது. பழைய வண்டி நின்றுபோனதைப் பொறுக்காத பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ரற்கிளிஃப், ஏறத்தாழ அதே உருவத்தில் 'கிரெனடியர்' என்ற வண்டியைத் தாமே செய்யத் தொடங்கினார். உருவம் எங்களுடையது என்று நிறுவனம் வழக்காடி, 2020 இல் லண்டன் மேல்நீதிமன்றத்தில் தோற்றது. வேல்ஸில் கட்டுவதாகச் சொன்ன அந்த வண்டியும் ஈற்றில் பிரான்சின் ஹம்பாக்கில் கட்டப்படுகிறது. 2025 செப்டெம்பரில் ஒரு கணினித் தாக்குதலால் ஜக்குவார் லாண்ட் றோவரின் தொழிற்சாலைகள் ஐந்து வாரங்களளவில் முடங்கிக் கிடந்தன. மணலில் விரலால் கீறிய வண்டியின் கம்பனி அது.

பழையவை இன்னும் முற்றாக ஓயவில்லை. மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில், மானேபஞ்சாங்கிலிருந்து கடல் மட்டத்துக்கு மேல் 3,636 மீற்றர் உயரத்திலுள்ள சண்டக்ஃபுவுக்கு ஏறும் சுமார் 31 கிலோமீற்றர் பாதையில், 1950களின் லாண்ட் றோவர்களைப் பல தலைமுறைச் சாரதிகள் வைத்துப் பேணி வந்தார்கள். 2018 இல் தனது எழுபதாவது ஆண்டு நிறைவுக்காக நிறுவனமே அங்கு போய்ப் படம் பிடித்தது. பழைய வடிவத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டவர்கள், உதிரிப்பாகம் இல்லாமலே வண்டியைக் காப்பாற்றியவர்களைப் படம் பிடித்தார்கள்.

1955 இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட் றோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, பர்மாவின் கைவிடப்பட்ட யுத்தகாலப் பாதையையும் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். பயணத்தின் கதையை எழுதிய ரிம் ஸ்லெசர் அந்த அறுவரில் ஒருவர். 'கேம்பிரிட்ஜ்' என்று பெயரிட்ட வண்டி பின்னொரு பயணத்தின்போது ஈரானில் பள்ளத்தில் வீழ்ந்தது. 'ஒக்ஸ்போர்ட்' பல கை மாறி, அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள சென் ஹெலினா தீவில் பல வருடங்களாகக் கிடந்து, 2017 இல் இங்கிலாந்துக்குத் திரும்பிற்று. அதனைத் திருத்தி, 2019 இல் இம்முறை சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓட்டிச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். எண்பத்தேழு வயதான ஸ்லெசர் சிங்கப்பூர்வரை போனார். புறப்படும் வேளையில் அவருடைய உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. அவருடைய இருக்கையில் பேரன் ஏறிக்கொண்டார். அவ்வருட டிசெம்பரில் வண்டி லண்டனை வந்தடைந்தது.