நட்டால் போதுமா? நீர் ஊற்றுவது யார்?

கன்று நடுவது ஒரு நாள் வேலை. அதை மரமாக்குவது மூன்று ஆண்டு வேலை.

முதல் வேலைக்குக் கூட்டம் கூடுகிறது. இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் இல்லை!

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் வாரத்தில் வனமகோத்சவம் நடக்கிறது. மரம் நடும் விழா அது. மத்திய உணவு, விவசாய மந்திரியாக இருந்த கே.எம்.முன்ஷி 1950-ம் ஆண்டில் அதைத் தொடங்கி வைத்தார். நாடு முழுவதும் பள்ளிகளும் கல்லூரிகளும் அதைக் கொண்டாடுகின்றன.

விழா என்றால் எப்படி இருக்கும்?

மாணவர்கள் குழி தோண்டுவார்கள். பிரமுகர் வருவார். கன்று நடுவார். பூவாளியால் தண்ணீர் விடுவார். படம் எடுப்பார்கள். எல்லோரும் கை தட்டுவார்கள்.

மறுவாரம் அந்தக் கன்றை யார் பார்க்கிறார்கள்?

ஆடு கடிக்கிறது. வெயில் காய்கிறது. கன்று கருகுகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று. அதற்கும் ஒரு படம்!

மரத்தின் பெயரால் ஒரு கோவில்

மரத்தின் அருமையைக் காஞ்சீபுரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏகாம்பரநாதர் என்ற பெயரிலேயே மரம் இருக்கிறது. "ஏக ஆம்ரம்" என்றால் ஒற்றை மாமரம். அந்த மாமரத்தின் அடியில் அம்மன் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டாள் என்பது தல வரலாறு. பஞ்சபூதத் தலங்களில் இது மண்ணுக்கு உரிய தலம். மண்ணும் மரமும் சேர்ந்த இடம்தான் அங்கே கோவில்.

வரதராஜப் பெருமாள் கோவிலில் அத்திவரதர் இருக்கிறார். அத்தி மரத்தால் ஆன திருமேனி. அனந்தசரஸ் குளத்து நீருக்குள் இருக்கும் அவர், 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே வந்து காட்சி தருகிறார். 1979-ல் வந்தார். பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் காட்சி தந்தார். லட்சோப லட்சம் பேர் வரிசையில் நின்று தரிசித்தார்கள்.

பட்டுக்கும் வேர் உண்டு. பட்டுப்புழு தின்பது முசுக்கொட்டை இலை. மல்பெரி என்பதும் அதுதான். இலை இல்லாவிட்டால் புழு இல்லை. புழு இல்லாவிட்டால் நூல் இல்லை. நூல் இல்லாவிட்டால் தறி ஓடாது!

இப்படி மரத்தை வணங்கும் ஊரிலும் நட்ட கன்று தண்ணீர் இல்லாமல் சாகலாமா?

யூதர்களின் மர விழா

மரத்துக்கு விழா எடுக்கும் வழக்கம் யூதர்களிடமும் உண்டு. அந்த விழாவுக்கு "து பிஷ்வாத்" என்று பெயர். ஷெவாத் என்ற மாதத்தின் 15-ம் நாள் என்பது அதன் பொருள். பெரும்பாலும் நமது தைப்பூசத்தை ஒட்டியே அந்த நாள் வருகிறது. 2024-ல் இரண்டும் ஜனவரி 25-ந் தேதி, ஒரே நாளில் வந்தன.

அந்த நாளில் அத்தி, மாதுளை, திராட்சை, பேரீச்சை போன்ற பழங்களை உண்டு மகிழ்கிறார்கள். மராட்டிய மாநிலத்தின் கொங்கணப் பகுதியைச் சேர்ந்த யூதர்களுக்கும் அது முக்கியமான நாள். அவலில் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து, பழங்களோடு படைக்கிறார்கள்.

1890-ம் ஆண்டில் ஸீவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர், ஸிக்ரோன் யாகோவ் என்ற ஊரில் தம் மாணவர்களை அழைத்துச் சென்று இந்த நாளில் மரம் நட வைத்தார். அந்த ஊர் இன்று இஸ்ரேல் நாட்டில் இருக்கிறது. 1908-ல் ஆசிரியர் சங்கம் இந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டது. இப்படி, மாணவர்கள் மரம் நடும் நாளாக அது பரவியது.

ஆனால், ஆதியில் அது மரம் நடுவதற்காக ஏற்பட்ட நாள் அல்ல. மரத்தின் வயதை எண்ணுவதற்காக ஏற்பட்ட நாள்!

யூதர்களின் வேதத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. புதிதாக நட்ட மரத்தின் பழத்தை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணக் கூடாது. நான்காம் ஆண்டுப் பழம் கடவுளுக்கு. ஐந்தாம் ஆண்டு முதல் பழம் மனிதனுக்கு. எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்குப் பார்க்க ஒரு நாள் வேண்டும் அல்லவா? அந்த நாள்தான் இது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. உயிரோடு நிற்கும் மரத்துக்குத்தானே வயது எண்ண முடியும்!

மூன்று ஆண்டுக் கணக்கு

கல்லூரியில் பட்டப் படிப்பு மூன்று ஆண்டு. ஒரு கன்று வேர் பிடித்து, தன் காலில் நிற்கவும் ஏறக்குறைய மூன்று ஆண்டு.

முதல் ஆண்டு மாணவர் கன்று நடட்டும். பட்டம் வாங்கிப் போகும்போது மரமாக ஒப்படைக்கட்டும்!

இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். புதிய சங்கமும் வேண்டாம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ந் தேதி, காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். கன்றுக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம் செலவிட்டால் ஆண்டுக்கு 52 மணி நேரம்தான் ஆகிறது. மழை நாட்களில் அதுவும் தேவை இல்லை. படிப்பு கெடும் என்று யாரும் சொல்ல முடியாது.

கல்லூரியில் ஒரு பதிவேடு இருக்கட்டும். எந்தக் கன்று, எந்த இடம், யார் பொறுப்பு என்று எழுதட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரும் போய் எண்ணிப் பார்க்கட்டும். எத்தனை நட்டோம் என்று அல்ல, எத்தனை பிழைத்தது என்று எண்ணட்டும்! அந்த நாளே உண்மையான விழா நாள்.

கோடையில் என்ன செய்வது?

ஒரு சிக்கல் உண்டு. மே மாதத்தில் கல்லூரிக்கு விடுமுறை. கன்றுக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் மாதமும் அதுதான்!

அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கன்றுக்கு இரண்டு பேர் பொறுப்பு ஏற்கட்டும். அவர்களில் ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு குடம் தண்ணீர் ஊற்ற எந்தத் தாய் மறுப்பாள்?

நடும் காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டால் வானமே தண்ணீர் ஊற்றும். ஒன்றரை அடி ஆழம் குழி எடுத்து, தொழு உரம் இட்டு, வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை ஆகியவற்றை நடலாம். சுற்றிலும் முள் வேலி கட்ட வேண்டும்.

இடமும் பார்க்க வேண்டும். நெசவாளர் பாவு விரித்துக் கஞ்சி போடும் தெருவில் மரம் வைத்தால் அவர்கள் தொழிலுக்கு இடைஞ்சல். மின்கம்பிக்குக் கீழே நட்டால் பிறகு வெட்ட வேண்டி வரும். ஏரிக்கரை, நந்தவனம், பள்ளி வளாகம் என்று இடமா இல்லை? உரியவர்களிடம் அனுமதி கேட்டு நடலாம்.

தண்ணீர் சுமந்த திம்மக்கா

கர்நாடகத்தில் திம்மக்கா என்ற ஏழைப் பெண் இருந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. குழந்தையும் இல்லை. அவரும் அவர் கணவரும் ஹுலிகல் கிராமத்துச் சாலை ஓரத்தில் ஆலங்கன்றுகளை நட்டார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்து நடந்தார்கள். முள் வேலி கட்டிக் காத்தார்கள். 385 ஆலமரங்கள் எழுந்தன!

2019-ம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது. நட்டதற்காக மட்டுமா அந்தப் பட்டம்? காப்பாற்றியதற்காகவும்தான்.

2022 செப்டம்பரில் தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது மாநிலத்தின் பரப்பில் காடும் மரமும் 24 சதவீதத்துக்கும் குறைவு. அதை 33 சதவீதம் ஆக்குவது இயக்கத்தின் நோக்கம். கோடிக்கணக்கில் கன்று நட்டால் மட்டும் அந்தக் கணக்கு நிறைவேறாது. கன்று பிழைத்தால்தான் நிறைவேறும்.

அத்திவரதர் அடுத்து வெளியே வருவது 2059-ம் ஆண்டில். அப்போதும் மக்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். இன்று மாணவர்கள் நட்டுக் காப்பாற்றும் கன்றுகள் அன்று பெரிய மரங்களாக நின்று அவர்களுக்கு நிழல் தரும்.

அந்த நிழல் வேண்டுமானால், இந்தக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் வேண்டும்!