விதைநெல் பதராகலாமா?

கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த ஊர் நம் சங்கரன்கோவில். ஆடித்தபசு காண ஆயிரமாயிரமாய்க் கூடும் நாம், ஒற்றைக் காலில் நிற்பது உடலுக்கு எத்தகைய சோதனை என்று எண்ணியதுண்டா? அவ்வாறு நிற்கையில் ஊன்றிய காலின் இடுப்பு மூட்டு, உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பளுவைத் தாங்குகிறது. நடக்கும்போதும் அடிதோறும் இதுவே நிகழ்கிறது.

இப்பளுவைச் சுமப்பது தொடையெலும்பின் உருண்டைத் தலை. அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் எலும்பு உள்ளுக்குள்ளேயே மடிந்து, நாளடைவில் நொறுங்கி அமிழ்கிறது. உழைக்கும் பருவமான இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதிலேயே இந்நோய் பெரும்பாலும் தாக்குகிறது. நாள் முழுதும் நின்றபடி விசைத்தறி ஓட்டும் தொழிலாளிக்கு இது வந்தால் நொண்டுவது கால் மட்டுமன்று, குடும்பமும்தான்.

அறிவியல் இதற்கொரு வழி கண்டிருக்கிறது. எலும்பைக் கட்டும் மூல உயிரணுக்கள் மஜ்ஜையில் உள்ளன. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்துச் செறிவாக்கி, துளையிட்ட தொடையெலும்புத் தலைக்குள் செலுத்துகின்றனர். பெல்ஜியத்தில் 13 பேரின் 18 இடுப்புகளில் செய்த சிறு ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. இரண்டாண்டு முடிவில், துளை மட்டும் இட்ட 8 இடுப்புகளில் 5 நோய் முற்றிய கட்டத்தை அடைந்தன. மஜ்ஜையும் இட்ட 10-இல் ஒன்றே அந்நிலையை எய்தியது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் 51 இடுப்புகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவும் நம்பிக்கை தருவதே.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறக்கலாகாது. விதைக்கப்படுவது நோயாளியின் சொந்த விதைநெல். ஸ்டீராய்டு மருந்தாலும் மதுவாலும் இந்நோய் கண்டவர்களின் மஜ்ஜை உயிரணுக்கள் எலும்பாகும் ஆற்றலில் குன்றியிருப்பதை ஆய்வுகள் பல காட்டுகின்றன. எலும்பாக வேண்டிய அணு கொழுப்பாக மாறிவிடுகிறது. விதைநெல்லே பதரானால் வயலை உழுது பயன் என்ன?

ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்தாயிற்றே என்பர் சிலர். மெய்தான். கொரோனாக் காலத்தில் அது காத்த உயிர்கள் எண்ணற்றவை. அக்காலத்தில் அம்மருந்து பெற்ற மூவருக்கு இந்நோய் கண்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியதும் மெய்யே. மருத்துவர் அளந்து கொடுப்பதை நான் குறைகூறவில்லை. அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. நான் எதிர்ப்பது, மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டின்றி மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் வழக்கத்தை. மருத்துவர் சீட்டின்றி இதை விற்பதைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் ஏட்டில் உறங்க, மாத்திரை கைமாறுகிறது!

மாணவத் தோழர்களே! பட்டம் பெறப்போகும் நாம் நம் தெருவுக்கு இரண்டு செய்திகளைச் சொல்வோம். ஒன்று, சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வேண்டாம். மது எக்காலும் வேண்டாம். மற்றொன்று, தொடை இடுக்கில் வலி நீடித்தால், எக்ஸ்-ரே நன்றாயிருக்கிறது என்று வாளாவிருக்க வேண்டாம். தொடக்கநிலை நோய் எக்ஸ்-ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். எலும்பு நொறுங்குமுன் போனால்தான் மஜ்ஜை மருத்துவத்துக்கு வேலை உண்டு. நொறுங்கிய பின் செயற்கை மூட்டே கதி. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டாத் தொலைவில் இல்லை.