‘மிலிட்டன்ட்’ என்றால் யார்? பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

2025 ஏப்ரல் 22. காஷ்மீரின் பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் துப்பாக்கிச்சூடு. 26 பேர் கொல்லப்பட்டார்கள். நாடே உறைந்துபோன அந்த வாரத்தில், ஒரு ஆங்கிலச் சொல்லும் தனியாகச் சர்ச்சையானது. அதுதான் ‘மிலிட்டன்ட்’.

‘நியூயார்க் டைம்ஸ்’ தன் தலைப்பில் சுட்டவர்களை ‘மிலிட்டன்ட்’ என்று எழுதியது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழுவில் உள்ள பெரும்பான்மைத் தரப்பு, அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘டெரரிஸ்ட்’ என்று திருத்தி எக்ஸ் தளத்தில் பதிவிட்டது. பிபிசி இதே சொல்லைப் பயன்படுத்தியதற்கு இந்திய அரசும் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதியது.

சுட்டவர்களை எந்தப் பெயரில் சொன்னால் என்ன? இதுல அப்படி என்ன இருக்கு?

சொல்லின் பூர்வீகம்

‘மிலிட்டன்ட்’ லத்தீன் மொழியில் இருந்து வந்த சொல். ‘மிலிட்டரி’யும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. நேரடிப் பொருள், போர் வீரனாக இருப்பவர், சண்டையிடுபவர்.

ஆனால் கையில் துப்பாக்கி இருந்தால்தான் மிலிட்டன்ட் என்றில்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஜன்னல்களை உடைத்துச் சிறை சென்ற எம்மலின் பாங்கர்ஸ்டின் இயக்கத்தினரை அப்படித்தான் அழைத்தார்கள். சமரசம் பேசாத தொழிற்சங்கக்காரர்களுக்கும் இந்தப் பெயர் உண்டு. அதாவது, ‘விட்டுக்கொடுக்காமல் மோதுபவர்’ என்ற அர்த்தம்.

தமிழிலும் இதே கதைதான்

‘தீவிரவாதி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாக உடைந்ததைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஒரு பக்கம் மிதவாதிகள். இன்னொரு பக்கம் திலகர் தலைமையில் தீவிரவாதிகள். வ.உ.சி.யும் பாரதியாரும் திலகர் பக்கம் நின்றவர்கள். அன்று பெருமையாக இருந்த அந்தச் சொல், இன்று டிவியில் வந்தால் வெடிகுண்டுதான் கண்முன் வருகிறது.

அப்போ ‘டெரரிஸ்ட்’ என்ன வேறு?

‘பயங்கரவாதி’ என்பது செயலுக்கான தீர்ப்பு. ஆயுதம் இல்லாத பொதுமக்களைக் குறிவைத்துக் கொன்று, பயத்தைப் பரப்புவது என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சட்டத்திலும் அதற்கு எடை உண்டு. இந்தியாவின் உபா சட்டத்தின் 15-வது பிரிவு பயங்கரவாதச் செயல் எது என்று சொல்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அமைப்புகளை மட்டுமல்ல, தனிநபரையும் பயங்கரவாதி என அரசு அறிவிக்கலாம்.

சர்வதேசப் போர்ச் சட்டத்தில் சண்டையிடுபவர் யார், பொதுமக்கள் யார் என்ற பிரிவு உண்டு. ‘மிலிட்டன்ட்’ என்று ஒரு பிரிவே கிடையாது. அது செய்தியாளர்களும் அதிகாரிகளும் புழங்கும் சொல், அவ்வளவுதான்.

ஊடகங்கள் சொல்லும் காரணம்

‘டெரரிஸ்ட்’ என்பது ஒரு தரப்பின் தீர்ப்பு, அதைச் சொன்னவர் பெயரோடுதான் எழுதுவோம் என்பது பிபிசி போன்ற நிறுவனங்களின் வாதம். எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட ஒரே வரையறை ஐ.நா.விலும் இன்றுவரை இல்லை என்பது இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது.

எதிர்வாதமும் வலுவானது. சுற்றுலா வந்தவர்களைச் சுட்டுக் கொன்றதில் எந்தச் சண்டையும் இல்லை. எதிரில் ஆயுதமே இல்லாதபோது ‘சண்டையிடுபவர்’ என்று எழுதினால், கொன்றவருக்கு ஒரு வீரனின் சாயலைக் கொடுத்தது போல ஆகாதா? ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலே பஹல்காமைப் பயங்கரவாதத் தாக்குதல் என்றுதான் கண்டித்தது.

கவனிக்காமல் விடும் மறுபக்கம்

பஹல்காமில் ‘மென்மையானது’ என்று திட்டு வாங்கிய இதே சொல், வேறு இடத்தில் மிகக் கடுமையானதாக மாறும். பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அமெரிக்க ட்ரோன்கள் குண்டு வீசிய காலத்தில், ‘மிலிட்டன்ட்கள் பலி’ என்று செய்திகள் வந்தபடி இருந்தன. தாக்குதல் நடந்த இடத்தில் இருந்த, சண்டையிடும் வயதுள்ள ஆண்கள் எல்லோருமே எதிரிப் படையினர் கணக்கில் சேர்க்கப்பட்டதாக 2012-ல் ஒரு செய்தி வெளியானது. அதை வெளியிட்டதும் நியூயார்க் டைம்ஸ்தான். நிரபராதி என்று பிறகு ஆதாரம் கிடைத்தால்தான் அந்தக் கணக்கு மாறும். இறந்தவர் வந்து வாதாடவா முடியும்?

ஆக, கொன்றவருக்கு இந்தச் சொல்லைப் போட்டால் குற்றம் குறைந்து தெரிகிறது. கொல்லப்பட்டவருக்குப் போட்டால் விசாரணை இல்லாமலேயே குற்றம் ஏறிவிடுகிறது. இரண்டு இடத்திலும் மறைந்துபோவது ஒன்றுதான்: யார், யாரை, என்ன செய்தார்கள் என்ற தகவல்.

அடுத்த முறை ‘மிலிட்டன்ட்’, ‘தீவிரவாதி’ என்று மொபைலில் நோட்டிஃபிகேஷன் வந்தால், அந்தப் பெயரை வைத்தது யார், அதற்கு என்ன ஆதாரம் காட்டினார்கள் என்று செய்திக்குள்ளே போய்ப் பாருங்கள். பல நேரம் தலைப்பில் இல்லாத பதில் மூன்றாவது பாராவில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால், அந்தப் பெயரை அப்படியே ஃபார்வர்டு பண்ணாமல் கொஞ்சம் பொறுப்பதே நல்லது.