ஆறு எலும்புகளும் ஒரு பெயரும்

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொடோமக் நதியின் மறுகரையில் விரிந்து கிடக்கும் ஆர்லிங்டன் மயானத்தில், பெயர் அறியப்படாத போர்வீரரின் சமாதியை 1937 முதல் இரவு பகல் ஓயாமல் சிப்பாய்கள் காவல் காத்து வருகிறார்கள். முதல் உலக யுத்தத்தில் மடிந்து அடையாளம் தெரியாமற்போன ஒருவரை 1921-இல் அங்கே அடக்கம் செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஒருவரும் கொரிய யுத்தத்துக்கு ஒருவருமாக 1958-இல் இருவர் சேர்ந்தனர். வியட்நாம் யுத்தத்துக்கு உரியவர் என்று 1984 மே 28-ஆம் தேதி, ஜனாதிபதி ரீகன் முன்னிலையில், சகல ராணுவ மரியாதைகளோடும் ஒரு பேழையை அங்கே இறக்கியபோது, அதற்குள் இருப்பவர் தம் மகன்தான் என்பதைச் செயின்ட் லூயிஸ் நகரத்துத் தாய் ஒருவர் அறியவில்லை. அரசாங்கத்தின் கோப்போ அதை ஒரு காலத்தில் அறிந்திருந்தது. அறிந்த பெயரை அது எப்படிக் கைவிட்டது என்பதே என் மனத்தை விட்டு அகலாத விஷயம்.

அந்த மகனின் பெயர் மைக்கேல் ஜோசப் பிளாசி. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் 1970-இல் தேறி, ஏ-37 என்னும் சிறிய ஜெட் விமானத்தின் விமானியாக வியட்நாம் சென்றவர். 1972 மே 11-ஆம் தேதி, முற்றுகையில் சிக்கியிருந்த ஆன் லாக் நகருக்கு அருகே, தரையிலிருந்து வந்த குண்டுகள் தாக்கி அவருடைய விமானம் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 24. விழுந்த இடம் எதிரியின் வசம் இருந்தபடியால் உடலை மீட்க இயலவில்லை என்று வீட்டாருக்குச் செய்தி போயிற்று.

ஆனால் ஐந்தே மாதங்களில் தென்வியட்நாம் ரோந்துப் படையினர் அவ்விடத்தை அடைந்து, அகப்பட்டவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நான்கு விலா எலும்புகள், இடுப்பெலும்பின் ஒரு பகுதி, மேற்கை எலும்பு ஒன்று. பாராசூட்டின் மிச்சம், விமானி உடையின் கிழிசல், ஒருவர் மட்டும் அமரக்கூடிய ரப்பர் மிதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாசியின் அடையாள அட்டை. கை மாறிக் கை மாறிப் போன வழியில் அட்டை காணாமற்போயிற்று. ஆயினும் 'பிளாசி என்று நம்பப்படுகிறது' என்ற குறிப்பு எலும்புகளோடு ஹவாய் ஆய்வுக்கூடம் வரை சென்றது. 1980-இல், எலும்பை வைத்துக் கணித்த உயரமும் வயதும் பொருந்தவில்லை என்று சொல்லி, அந்தப் பெயரை அடித்துவிட்டு 'எக்ஸ்-26' என்று எண் இட்டார்கள். குடும்பத்தாருக்கு இவற்றில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

வியட்நாமில் மடிந்தவர்களுக்கும் அச்சமாதியில் ஓர் இடம் வேண்டுமென்று 1973-லேயே சட்டம் செய்தாயிற்று. வைப்பதற்குத்தான் பெயர் தெரியாத உடல் அகப்படவில்லை; கடைசியில் அந்த 'எக்ஸ்-26' எலும்புகளையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த யுத்தத்திலிருந்து திரும்பி, தாய்நாட்டிலேயே முகங்கோணலைக் கண்ட லட்சோப லட்சம் வீரர்களின் மனப்புண் ஆற வேண்டும் என்ற எண்ணம் நல்லெண்ணமே என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் ஒரு தேசத்தின் துயரத்தை ஆற்றுவதற்காக ஒரு வீட்டின் துயரத்தை நீட்டுவது தர்மமாகாது. நம் முன்னோர் நட்ட நடுகற்களிலே, ஆநிரை மீட்டு மடிந்த எளிய மறவனின் பெயரைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தார்கள்; எத்தனை பெரிய பளிங்குச் சமாதியும் அந்தப் பெயருக்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

1994-இல், வியட்நாம் யுத்தத்தில் பங்கு கொண்ட டெட் சாம்ப்ளி என்பவர், சமாதியில் இருப்பவர் பிளாசியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆதாரங்களோடு எழுதினார். 1998 ஜனவரியில் சி.பி.எஸ். தொலைக்காட்சி அதையே நாடறியச் சொல்லிற்று. புனிதமான சமாதியைத் தோண்டலாகாது என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. அவர்களுடைய பக்தி மெய்யானது. ஆனால் உண்மையைத் தேடித் திறப்பதால் எந்தச் சமாதியும் களங்கப்படுவதில்லை. தாயும் உடன்பிறந்தவர்களும் உறுதியாக நின்று கேட்டார்கள். மே 14-ஆம் தேதி சமாதி திறக்கப்பட்டது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்று உண்டு. எலும்பிலிருந்து எடுத்ததைத் தாயின் இரத்தத்தில் இருந்ததோடு ஒப்பிட்டார்கள். ஜூன் 30-ஆம் தேதி விடை வந்தது. அட்டை தொலைந்தாலும், குறிப்பை அடித்தாலும், பெற்றவள் கொடுத்த அடையாளம் அந்த ஆறு எலும்புகளில் இருபத்தாறு வருஷங்கள் அழியாமல் இருந்திருக்கிறது!

ஆர்லிங்டனில் வியட்நாமுக்கு உரிய அந்த அறையை மீண்டும் நிரப்புவதில்லை என்று முடிவு செய்து, காணாமற்போன வீரர்களுக்கு அர்ப்பணம் செய்து 1999-இல் மூடினார்கள். அது சரியான முடிவு. இன்னும் எத்தனையோ நாடுகளில், எத்தனையோ யுத்தங்களின் எலும்புகள் எண் இட்ட பெட்டிகளில் இருக்கின்றன. ஒரு கிழிந்த அட்டை கிடைத்தாலும், நிச்சயமாகாத ஓர் ஊகமே ஆனாலும், அதை உரிய வீட்டாருக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். காத்திருப்பவர்களுக்கு ஆயுள் அளவானது.

1998 ஜூலை 11-ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி நதியோரத்து ராணுவ மயானத்தில், மைக்கேல் பிளாசி தம் பெயர் பொறித்த கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். தாய் அருகில் இருந்தார். தந்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.