கை போன பின் காசு வந்தென்ன?

செந்தூலில் பொழுது விடியுமுன்னே துடைப்பம் எழுந்துவிடுகிறது. வீதி கூட்டுவோரும், சாக்கடை வாருவோரும், குப்பை லாரியின் பின்னே ஓடுவோரும் வேலையில் இறங்கும் அதே நேரத்தில்தான், தோட்டத்தில் நம் தோழர்கள் பெரட்டு முடிந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறார்கள். அவர்கள் வேறு, நாம் வேறு அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில் மூட்டை கட்டிப் பட்டணம் போன நம் பிள்ளைகளில் பலர் இந்த வேலைகளுக்கும் போனார்கள். ஆகவே, நகராட்சிகள் வேலையாளின் உயிரை எப்படிக் காக்கின்றன என்பது நம் கேள்வியும் ஆகும்.

“இன்சூரன்ஸ் இருக்கிறதே, பயமென்ன?” என்று கேட்போர் உண்டு. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் இன்சூரன்ஸ் விபத்தைத் தடுக்குமா? நடந்து முடிந்ததற்குக் கணக்குப் பார்க்கும், அவ்வளவே.

2024 மே 7-ஆம் நாள் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெரிய மரமொன்று சாய்ந்து ஒருவர் மாண்டார். பதினேழு வாகனங்கள் சேதமாயின. அதே ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த மாது ஒருவர் பூமிக்குள் போனார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. தேடப்போன தீயணைப்புப் படையினரும் கழிவுநீர்க் குழாய்க்குள் உயிரைப் பணயம் வைத்துத்தான் இறங்கினார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இதை எழுதவில்லை. மரத்தின் வேரையும் மண்ணுக்குள் போகும் குழாயையும் முன்கூட்டியே சோதிப்பதற்கு ஆகும் செலவு, ஓர் உயிரின் விலையைவிடப் பெரிதா என்றே கேட்கிறோம்.

நஷ்டஈடு கட்டாயம் கிடைக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி ஒன்று இடிந்து 48 பேர் மடிந்தார்கள். அம்பாங் ஜெயா நகராட்சிக்கும் இதில் பதினைந்து விழுக்காடு பொறுப்பு உண்டு என்று 2000-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நகராட்சிக்குப் பாதுகாப்பளிக்கிறது என்று கூறி அதனை விடுவித்துவிட்டது. சட்டம் அப்படியிருக்க, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனென்ன?

வருமுன் காப்பது எப்படி? முதலில் ஆபத்தையே அகற்ற வேண்டும். முடியாவிட்டால் ஆள் அதன் அருகே போகாதபடி தடுக்க வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் கையுறையும் காலணியும். சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குமுன் விஷவாயு உண்டா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும்; மேலே ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கையுறையை மட்டும் கொடுத்து, மீதியை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது நிர்வாகமல்ல.

இன்னொரு தந்திரமும் உண்டு. “இவன் எங்கள் ஆளல்ல, காண்ட்ராக்டர் ஆள்” என்று கை கழுவுவது. தோட்டத்தில் நாம் கேட்டுப் பழகிய பாட்டுத்தான் இது. கோலாலம்பூரில் குப்பை வாரும் வேலை 1997-இல் தனியார் கைக்குப் போயிற்று. ஆனால் 2024 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த திருத்தம், 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் புதுப் பல் முளைக்க வைத்திருக்கிறது. வேலை கொடுத்தவர் வேலை செய்யும் முறையையும் தாமே கட்டளையிடுவாரானால், காண்ட்ராக்டரின் ஆளுக்கும் அவரே பொறுப்பு. ஆபத்து எது என்று முன்கூட்டியே மதிப்பிடுவது கட்டாயம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால், அந்த இடத்தைவிட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. கடமை தவறிய முதலாளிக்கு ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம்.

சட்டம் தானாக நடந்து வராது. நாம்தான் அழைத்து வரவேண்டும். நாள் சம்பளம் போய்விடுமே என்று வெட்டுக்காயத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அது வீரமல்ல, நஷ்டம். காயத்துக்காக டாக்டர் நான்கு நாளாவது விடுப்புக் கொடுத்தால், சொக்சோ தினக்கூலியில் எண்பது விழுக்காடு தருகிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. முதலாளி நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவித்தாக வேண்டும். 2019 முதல் அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கும் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் நிற்பவர் வங்காளதேசத்தவராயினும் அவரிடமும் சொல்லுங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நேர்ந்த விபத்தை மட்டுமல்ல, மயிரிழையில் தப்பியதையும் எழுதி வையுங்கள். இன்று வழுக்கிய படியில்தான் நாளை ஒருவன் கால் முறியும். நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். நாற்காலி காலியாக இருந்தால் குற்றம் நம்முடையதே.

மாநகராட்சிக்கும், எல்லா நகராட்சிகளுக்கும் நாம் விடுக்கும் கோரிக்கை எளியது. இன்சூரன்ஸுக்குக் கட்டும் பணத்தைக் கட்டுங்கள். ஆனால் அதற்கு முன் மரத்தைப் பாருங்கள், குழியைப் பாருங்கள், காண்ட்ராக்டர் ஆளின் கையைப் பாருங்கள். செந்தூல் வீதியை விடியற்காலையில் கூட்டப் போகிறவன் பொழுது சாய வீடு திரும்ப வேண்டும். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எதிர்பார்த்திருப்பது அவனைத்தான்; நஷ்டஈட்டுக் காசோலையை அல்ல.