ஃபைன் கட்டும் முன் படத்தைப் பாருங்கள்

செகண்ட் ஷிப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தேன். சோதனையில் நிறுத்தியவர் முதல் வேலையாகச் சாவியை உருவிக்கொண்டார். என் தலையில் ஹெல்மெட் இருந்தது. "ஐநூறு வை, இல்லைன்னா லைசென்ஸைக் காலி பண்ணிடுவேன்" என்றார். ரசீது கேட்டேன். திட்டி அனுப்பினார். மறுநாள் செல்போனில் இ-சலான்: ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாய்.

2022 அக்டோபரில் தமிழகத்தில் உயர்த்தப்பட்ட தொகை இது. "ஆயிரம்தானே, கட்டித் தொலை" என்றார்கள் நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. இதற்கு மூன்று மாதம் லைசென்ஸை முடக்கவும் சட்டத்தில் இடமுண்டு. கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் லிங்க்கை கிளிக் செய்யாதீர்கள், போலிகள் அதிகம். பிரவுசரில் 'இசலான் டாட் பரிவாகன் டாட் கவ் டாட் இன்' என்ற முகவரியை நீங்களே ஆங்கிலத்தில் டைப் செய்து, சலான் எண்ணைக் கொடுங்கள். என் சலானுக்கான படம் திறந்தது. வெறும் நம்பர் பிளேட்! ஓட்டியவர் தலையே அதில் இல்லை. உடனே பிரிண்ட் எடுத்தேன்.

ஹெல்மெட் இல்லாமல் எங்கள் கம்பெனி கேட்டைத் தாண்ட முடியாது. கேட் கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால், அன்றே செக்யூரிட்டியிடம் கெஞ்சி பென் டிரைவில் வாங்கினேன். (இரண்டு காப்பி!)

அதே தளத்தின் புகார் பகுதியில் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போனால் அங்கே பணம் கட்டவும் வழக்கை எதிர்க்கவும் தனித்தனி பட்டன் உண்டு. எதிர்த்தால் நேரில் கோர்ட்டுக்குப் போகவேண்டிவரும். ஒரு நாள் சம்பளம் போகும். போகட்டும்.