வாரிசு இல்லாமலா போயிற்று?

அயர்லாந்தின் கிளான்ரிகார்டு மார்க்விஸ் பட்டம் 1916 ஏப்ரலில் ஒழிந்தது. பிரபு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வாரிசு இல்லை, பட்டம் மறைந்தது என்று வம்சாவளிக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதானா?

1543-ல் எட்டாம் ஹென்றி மன்னன் பர்க் குலத் தலைவனுக்கு ஏர்ல் பட்டம் சூட்டினான். 1825-ல் அவ்வம்சம் மார்க்விஸ் ஆயிற்று. கடைசிப் பிரபு ஹியூபர்ட் யார்? 1857-ல் நம் நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங்கின் சகோதரி மகன்! கால்வே ஜில்லாவில் 50,000 ஏக்கருக்கு மேல் நிலம். பிரபுவின் வாசமோ லண்டனில்.

1880-களின் நடுவில் விளைபொருள் விலை சரிந்தது. குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு மறுத்தார். 1886 ஆகஸ்டில் உட்ஃபோர்டில் அவர்களை வீட்டைவிட்டு விரட்டப் போலீஸ் படை வந்தது. சாண்டர்ஸ் என்ற குடியானவரின் வீடு கோட்டையாக மாறியது; கொதிநீர் ஊற்றிப் படையை எதிர்த்தார்கள். அவ்வாண்டிலேயே புதுத் திட்டம் பிறந்தது: நியாயமான குத்தகையைப் பிரபு வாங்க மறுத்தால், அப்பணம் பொது நிதிக்கு, வெளியேற்றப்பட்டோரை அந்நிதி காக்கும்.

போராட்டம் ஒரு தலைமுறை நீண்டது. இறுதியில் 1915-ல் அரசாங்க வாரியம் அந்நிலத்தைக் கட்டாயமாக வாங்கியது. நஷ்டஈடு கொடுத்துத்தான்; ஆயினும் பிரபுவின் பிடி அறுந்தது.

பட்டத்துக்குத்தான் வாரிசு இல்லை. கால்வே நிலத்துக்கு இருந்தார்கள்: அதை உழுதவர்கள்!